ஒரே கட்டிடம், ஆளுக்கொரு நோக்கம்: மதிப்பு மேலாண்மைக்குள் மென் முறைகளை எங்கே, எப்படி நுழைப்பது

மதிப்பு மேலாண்மை அமர்வு, அதாவது ஒரு திட்டம் செய்யவேண்டிய வேலை என்ன, அதைக் குறைந்த செலவில் வேறு எப்படிச் செய்யலாம் என்று எல்லாத் தரப்பும் கூடி ஆராயும் கூட்டம், ஒழுங்காக நடந்து முடிகிறது. செயல்பாட்டு வரைபடத்தை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள், சேமிப்புப் பட்டியலும் தயாராகிவிடுகிறது. சில மாதங்கள் கழித்து, வடிவமைப்பு முற்றும் நேரத்தில், "இதைக் கட்டுவதே அதற்காக இல்லையே" என்று ஒரு தரப்பு கிளம்புகிறது. ஏற்றுக்கொண்ட யோசனைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழி வழக்கமாகக் கூட்டத்தை நடத்தும் நெறியாளர் தலையிலோ, கூட்டத்துக்கு வராமல் போன அதிகாரி தலையிலோ விழும். ஆனால் கோளாறு அமர்வுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு பொருள் எதற்காக என்பது தெளிவாக இருக்கும்போது நன்றாக வேலை செய்யும் முறையை, எதற்காக என்பதே தகராறாக இருக்கும் இடத்தில் பயன்படுத்துகிறோம்.

அப்படிப்பட்ட தகராறுகளைக் கையாளவென்றே, முடிவெடுப்பதைக் கணக்குகளாலும் மாதிரிகளாலும் ஆராயும் செயல்முறை ஆய்வுத் துறைக்குள் வளர்ந்த சில முறைகள் உண்டு. சிக்கலுக்கு உருக்கொடுக்கும் முறைகள், சுருக்கமாக மென் முறைகள். இவற்றை மதிப்பு மேலாண்மையோடு எந்த மூட்டில் இணைக்கலாம், இணைக்கும்போது எது கெடும் என்பதுதான் இங்கே பேசப்போவது.

## மதிப்பு மேலாண்மை எதன்மேல் நிற்கிறது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூலப்பொருள் தட்டுப்பாடு. கேட்ட பொருள் கிடைக்காதபோது, அது செய்யும் வேலையை வேறு எது செய்யும் என்று தேடவேண்டி வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்த லாரன்ஸ் மைல்ஸ் இந்தத் தேடலை 1947 வாக்கில் ஒரு முறையாக்கி, மதிப்புப் பகுப்பாய்வு என்று பெயரிட்டார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தாள் விவகாரம். வண்ணம் பூசும் இடத்தில் தரையில் விரிக்கக் கல்நார்த் தாள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. எதற்கு என்று விசாரித்ததில், சொட்டும் கரைப்பானால் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் என்று தெரிந்தது. தீப்பிடிக்காத வேறொரு தாள் குறைந்த விலையில் கிடைத்தது. தீயணைப்பு விதி கல்நார்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததால், கடைசியில் விதியையே மாற்றவேண்டி வந்தது.

1954-இல் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் பிரிவு இதை எடுத்துக்கொண்டபோது மதிப்புப் பொறியியல் என்ற பெயர் வந்தது. 1959-இல் தொழில்சார் சங்கம் உருவானது. 1960-களின் நடுவில் சார்லஸ் பைத்வே 'ஃபாஸ்ட்' எனப்படும் செயல்பாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்தார். மதிப்பு மேலாண்மை என்பது இதே மரபு தனிப்பொருளிலிருந்து முழுத் திட்டத்துக்கும் விரிந்த வடிவம். ஐரோப்பாவில் இதற்கு இஎன் 12973 என்ற தரநிலை 2000-இல் வந்து, 2020-இல் திருத்தப்பட்டது.

கருவிகள் மூன்றைத் தெரிந்துகொண்டால் மீதிக் கட்டுரை புரியும்.

1. செயல்பாடு. ஒரு பொருள் செய்யும் வேலையை ஒரு வினை, ஒரு பெயர் என்று இரண்டே சொல்லில் எழுதுவது. தூண் என்றால் "எடை தாங்கு", கம்பி என்றால் "மின்சாரம் கடத்து". பொருளின் பெயரை மறைத்துவிட்டால் மாற்று வழி தோன்றும் என்பது கணக்கு.
2. ஃபாஸ்ட் வரைபடம். செயல்பாடுகளை இடமிருந்து வலமாக அடுக்குவது. வலப்பக்கம் போனால் "எப்படி?" என்ற கேள்விக்கு விடை, இடப்பக்கம் போனால் "எதற்காக?" என்பதற்கு விடை. இடக்கோடியில் ஓர் எல்லைக்கோடு. அதற்கு வெளியே இருப்பது மேல்நிலைச் செயல்பாடு, அதாவது திட்டத்தின் நோக்கம். கோட்டுக்கு உள்ளே முதலில் நிற்பது அடிப்படைச் செயல்பாடு.
3. பணித்திட்டம். தகவல், செயல்பாட்டுப் பகுப்பாய்வு, யோசனை, மதிப்பீடு, மேம்படுத்தல், சமர்ப்பிப்பு என ஆறு கட்டங்கள். பாரம்பரிய வடிவம் ஐந்து நாள், நாற்பது மணி நேரம். நடைமுறையில் மூன்று நாளாகவும், சில இடங்களில் ஒரே நாளாகவும் சுருங்கிவிட்டது.

இவை மூன்றும் சேர்ந்து ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்துக்கொள்கின்றன: செயல்பாடு என்னவென்று அங்கே இருப்பவர்களில் யாருக்காவது நிச்சயமாகத் தெரியும், மற்றவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். கல்நார்த் தாளுக்கு அது சரி. தீப்பிடிக்கக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

## எங்கே நழுவுகிறது

கல்லூரியோடு இணைந்த ஒரு மருத்துவமனைக்குப் புதிய புறநோயாளிக் கட்டிடம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நிர்வாகத்துக்கு அது நெரிசல் குறைக்கும் வழி. மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் நோயாளியைப் பார்த்துப் படிக்கும் இடம். நிதி தருபவருக்கு, குறித்த காலத்துக்குள் செலவழித்துக் காட்டவேண்டிய தொகை. செவிலியருக்கு, இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலிருந்து விடுதலை. பராமரிப்புப் பிரிவுக்கோ இன்னும் இரண்டு லிஃப்ட், இன்னும் ஒரு குளிரூட்டு நிலையம், கவனிக்க அதே ஆட்கள்.

இவர்களை உட்காரவைத்து அடிப்படைச் செயல்பாடு என்ன என்று கேட்டால், பத்து நிமிடத்தில் "நோயாளியைப் பரிசோதி" என்று பலகையில் ஏறிவிடும். யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க என்ன இருக்கிறது? இரண்டு சொல் சூத்திரத்தின் பலமும் ஆபத்தும் இதுதான். பொருளை மறைக்கும் அதே வேகத்தில் கருத்து வேறுபாட்டையும் மறைத்துவிடும். பரிசோதனை அறை பன்னிரண்டு சதுர மீட்டரா, எட்டுப் பேர் சுற்றி நிற்கும்படி இருபதா என்ற கேள்வி வரும்வரை அந்த ஒப்புதல் பொய் என்று தெரியாது. அது வரும்போது அமர்வு முடிந்து அறிக்கையும் போயிருக்கும்.

இந்த வகைச் சூழலைத்தான் ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973-இல், முடிவான வரையறையே இல்லாத, விடையைத் தேடும்போதே கேள்வி மாறுகிற சிக்கல் என்று விவரித்தார்கள். ரஸ்ஸல் ஆக்காஃப் இன்னும் வெளிப்படையாக இதைக் குழப்படி என்றே அழைத்தார். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் சிக்கல்களின் தொகுப்பு, ஒன்றை மட்டும் உருவித் தீர்க்க முடியாது என்பது பொருள்.

மதிப்பு மேலாண்மைக்குள் இந்தக் குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஸ்டூவர்ட் கிரீன் முக்கியமானவர். 1990-களின் தொடக்கத்தில், பிரிட்டன் கட்டுமானத் துறையை முன்வைத்து அவர் எழுதியதன் சாரம் இது: திட்டத்தின் ஆரம்பக் கட்டத்தில் மதிப்பு என்பது அளந்து கண்டுபிடிக்கும் பொருள் அல்ல, தரப்பினர் பேசிப் பேசி உருவாக்கிக்கொள்வது. அதற்காக அவர் முன்வைத்த முறையை அடுத்து வரும் எடையிடும் பகுதியில் பார்க்கலாம்.

## மென் முறைகள்: மூன்று போதும்

இந்தக் குடும்பத்தில் நிறைய முறைகள் உண்டு. ஜொனாதன் ரோசன்ஹெட் 1989-இல் தொகுத்த நூலுக்குப் பிறகுதான் அவை ஒரே குடும்பமாகப் பார்க்கப்படத் தொடங்கின. மதிப்பு மேலாண்மைக்கு மூன்று போதும்.

- மென் அமைப்பு முறை. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லண்டும் சகாக்களும் உருவாக்கியது. நிலவரத்தைப் படமாக வரைந்து, வெவ்வேறு பார்வைகளிலிருந்து "இது எதற்கான அமைப்பு" என்று வரையறுத்து, அந்த வரையறைகளை நிஜத்தோடு ஒப்பிட்டு விவாதிப்பது.
- எண்ண வரைபட முறை. காலின் ஈடன் உருவாக்கியது. ஒருவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே, காரணம்–விளைவு அம்புகளோடு வரைவது. இதன் வேர் உளவியலாளர் ஜார்ஜ் கெல்லியின் 1955-ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் இருக்கிறது.
- உத்தித் தெரிவு முறை. ஜான் ஃப்ரெண்டும் ஆலன் ஹிக்லிங்கும் வளர்த்தது. கவென்ட்ரி நகராட்சியில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று 1960-களில் செய்த ஆய்வில் தொடங்கியது. எதை இப்போது முடிவு செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்பதுதான் இதன் மையம்.

மூன்றுக்கும் பொதுவானது, சிறந்த விடையைக் கணக்கிட்டுத் தருவதாக எதுவுமே உறுதி சொல்லாதது. ஒருமித்த கருத்தைக்கூட இவை கேட்பதில்லை. செக்லண்ட் தேடுவது இணக்கத்தை: நோக்கங்கள் வேறாகவே இருந்தாலும் எல்லாராலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நடவடிக்கை. சேமிப்புத் தொகையை எதிர்பார்த்து வந்த திட்ட உரிமையாளருக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

## இணைக்கும் இடங்கள்

பணித்திட்டத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. தூக்கிப்போட்டால் அதை மதிப்பு மேலாண்மை என்று யாரும் ஏற்கவும் மாட்டார்கள். ஐந்து மூட்டுகளில் மென் முறைகள் பொருந்துகின்றன.

### 1. அமர்வுக்கு முன்: தனித்தனிப் பேட்டி

எட்டு முதல் பன்னிரண்டு பேர், ஆளுக்கு 45 முதல் 60 நிமிடம். கேள்வித்தாள் வேண்டாம். "இந்தக் கட்டிடம் வந்தால் உங்களுக்கு எது சரியாகும், எது இன்னும் மோசமாகும்?" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு விடைக்கும் "அதனால் என்ன?" என்று மேலேயும், "அது எதனால்?" என்று கீழேயும் நகரவேண்டும். ஒரு மணி நேரப் பேட்டியிலிருந்து நூறை நெருங்கும் கருத்துகள்கூட வரும்.

வரையும் விதிகள் எளியவை:

- ஒரு பெட்டியில் ஒரே கருத்து, பத்து சொல்லுக்குள், பேசியவரின் சொற்களிலேயே.
- முடிந்தவரை எதிர்முனையையும் சேர்த்து எழுதுவது. "மாணவர்களை அறைக்குள் நிறுத்துவது … கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்கவிடுவது." மூன்று புள்ளிகளை "அதற்குப் பதிலாக" என்று படிக்கவேண்டும். எதிர்முனை இல்லாமல் ஒருவர் என்ன சொல்கிறார் என்று பாதிதான் புரியும்.
- அம்பு வழிமுறையிலிருந்து விளைவை நோக்கிப் போகும். அம்பு வெளியே போகாமல் உச்சியில் நிற்பவை நோக்கங்கள்.

வரைந்ததை அவரிடமே திருப்பிக் காட்டிச் சரிபார்ப்பது கட்டாயம். டிசிஷன் எக்ஸ்ப்ளோரர் போன்ற மென்பொருள் இருந்தால் பிறகு ஒன்றிணைக்க வசதி, இல்லாவிட்டால் பெரிய தாளும் பென்சிலும் போதும்.

### 2. தகவல் கட்டத்தில்: நிலவரப் படம்

தகவல் கட்டம் என்றால் வழக்கமாக வடிவமைப்பாளர் ஸ்லைடு போட்டு இரண்டு மணி நேரம் பேசுவார். அதில் ஒரு மணியை எடுத்து, ஒரு பெரிய தாளில் நிலவரத்தைப் படமாக வரையலாம். யார் யார் இருக்கிறார்கள், எது எங்கே நகர்கிறது (நோயாளி, கோப்பு, பணம், ரத்த மாதிரி), யாருக்கு எது கவலை. கவலைகளை மனித உருவத்தின் தலைக்கு மேலே குமிழியில் எழுதுவார்கள். மோதல் இருந்தால் குறுக்கே வாள் வரைவதும் வழக்கம். ஓவியத் திறமை தேவையில்லை, கோணல்மாணலாக இருந்தால் மற்றவர்கள் தயங்காமல் திருத்துவார்கள். ஆனால் படத்துக்குள் தீர்வு எதுவும் இருக்கக் கூடாது. புதிய கட்டிடத்தையே நடுவில் வரைந்துவிட்டால், கட்டிடம் தேவையா என்ற கேள்வி அத்தோடு செத்துவிடும்.

### 3. செயல்பாட்டுப் பகுப்பாய்வுக்குச் சற்று முன்: மூல வரையறை

எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இந்த மூட்டுதான். வேறெதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

மூல வரையறை என்பது ஒரே வாக்கியம். அதன் எலும்புக்கூடு: "ஒன்றைச் செய்வது, இந்த வழியில், இந்தப் பயனுக்காக." செக்லண்ட் இதைப் 'பி, கியூ, ஆர்' என்பார். வாக்கியம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க ஆறு கேள்விகள் உண்டு. அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கேட்வோ' என்பார்கள்: பயனோ பாதிப்போ யாருக்கு, செய்பவர் யார், எது எதுவாக மாறுகிறது, எந்த உலகநோக்கில் அந்த மாற்றத்துக்கு அர்த்தம் வருகிறது, இதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம், எதை மாற்ற முடியாத சூழலாக ஏற்கிறோம்.

நம் கட்டிடத்துக்கு இரண்டு வரையறைகள்:

நிர்வாகத்தின் வரையறை. வரும் நோயாளிகளை அன்றே பார்த்து அனுப்புவது, பதிவு, பரிசோதனை, மருந்து மூன்றையும் ஒரே தளத்தில் வைத்து, காத்திருப்பு குறைவதற்காக. உலகநோக்கு: நோயாளியின் நேரம் வீணாவதுதான் பெரிய கெடுதல். நிறுத்தும் அதிகாரம்: மருத்துவமனைத் தலைமை.

கல்லூரியின் வரையறை. மாணவர்களை நேரடி அனுபவமுள்ள மருத்துவர்களாக்குவது, ஆசிரியர் நோயாளியைப் பார்க்கும்போது உடனிருக்கவைத்து, நல்ல மருத்துவர்கள் தொடர்ந்து உருவாவதற்காக. உலகநோக்கு: பார்த்துப் பழகாமல் மருத்துவம் வராது. நிறுத்தும் அதிகாரம்: கல்லூரி முதல்வரும், அங்கீகாரம் தரும் அமைப்பும்.

முதலாவதில் நோயாளி பயனாளி. இரண்டாவதில் மாணவர்தான் பயனாளி, நோயாளி பாடப்பொருளாகிவிடுகிறார். இதைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதுதான் கூடத்தில் முதல்முறையாக உண்மையான பேச்சு எழும். இரண்டையும் கலந்து ஒரே வரையறையாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதை அடக்கவேண்டும். இரண்டு முதல் நான்கு வரையறைகள் தனித்தனியாகவே நிற்கட்டும்.

### 4. மூல வரையறையிலிருந்து ஃபாஸ்ட் வரைபடத்துக்கு

இரண்டு மரபுகளும் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும் இடம் இது. மூல வரையறையின் "செய்வது" அடிப்படைச் செயல்பாடாகிறது. "இந்த வழியில்" என்பது வரைபடத்தில் வலப்பக்கம், "எப்படி" திசை. "இந்தப் பயனுக்காக" என்பது இடப்பக்கம், எல்லைக்கோட்டுக்கு வெளியே, மேல்நிலைச் செயல்பாடு. ஆகவே ஒவ்வொரு வரையறைக்கும் ஒரு சிறு ஃபாஸ்ட் வரைபடம் வரைந்து, வலப்பக்கங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தால் செயல்பாடுகள் மூன்று குவியலாகப் பிரியும். இரண்டு வரைபடத்திலும் வருபவை (நோயாளியை அடையாளம் காண், தொற்றைத் தடு), ஒன்றில் மட்டும் வந்து மற்றதற்குத் தொந்தரவு தராதவை (மருந்து வழங்கு), ஒன்றில் வந்து மற்றதோடு மோதுபவை. நம் உதாரணத்தில் "பரிசோதனை நேரத்தைச் சுருக்கு" என்பதும் "கற்பித்தலுக்கு நேரம் ஒதுக்கு" என்பதும் நேருக்கு நேர் மோதுகின்றன. யோசனைக் கட்டத்தின் உழைப்பு முழுவதையும் இந்த மூன்றாவது குவியல்மேல் செலுத்தவேண்டும். "வாரத்தில் சில நேரங்களை மட்டும் கற்பித்தலுக்கு ஒதுக்கு", "நான்கு அறைகளை மட்டும் பெரிதாக்கு" போன்ற யோசனைகள் இங்கேதான் பிறக்கும். ஒற்றை வரைபடத்தோடு வேலை செய்யும் குழு கதவு, தரை ஓடு, மேற்கூரை என்று முதல் குவியலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மதிப்பு மேலாண்மை என்றால் ஓடு மாற்றுவது என்ற கெட்ட பெயர் இப்படி வந்ததுதான்.

### 5. மதிப்பீட்டுக் கட்டத்தில்: எடையிடல், பிறகு தெரிவு

வார்ட் எட்வர்ட்ஸ் 1970-களில் எளிமையாக்கித் தந்த 'ஸ்மார்ட்' என்ற பல்பண்பு மதிப்பிடல் முறையை கிரீன் இங்கே கொண்டுவந்தார். எண்ண வரைபடங்களின் உச்சியில் இருந்த நோக்கங்களே பண்புகள். அவற்றுக்கு எடை கொடுத்து, தெரிவுகளுக்கு 0 முதல் 100 வரை புள்ளி கொடுத்துப் பெருக்கிக் கூட்டுவது. கணக்கு பள்ளிக்கூட அளவுதான், அதன் பயன்பாட்டில்தான் வித்தியாசம்.

இரண்டு தெரிவுகள் என்று கொள்வோம். முதல் தெரிவு, எல்லாம் சிறு அறைகள்: காத்திருப்பில் 80, பயிற்சியில் 30, பின்னாளில் மாற்றியமைக்கும் வசதியில் 40. இரண்டாவது, சிறிதும் பெரிதும் கலந்தவை: 50, 70, 60.

- நிர்வாகத்தின் எடைகள் 60, 15, 25. முதல் தெரிவு 62.5, இரண்டாவது 55.5.
- கல்லூரியின் எடைகள் 35, 40, 25. முதல் தெரிவு 50, இரண்டாவது 60.5.

எதிர்பார்த்தபடி ஆளுக்கொன்று ஜெயிக்கிறது. இங்கே பலரும் எடைகளைச் சராசரி எடுத்து முடித்துவிடுவார்கள். அது தகராறை எண்ணுக்குள் புதைப்பது. அதற்குப் பதிலாக, எந்த எடையில் வரிசை புரள்கிறது என்று பார்க்கலாம். மாற்றியமைக்கும் வசதிக்கு 25 என்பதில் இருவரும் ஒத்துப்போவதால், மீதி 75-ஐக் காத்திருப்புக்கும் பயிற்சிக்கும் பங்கிடுவதுதான் கேள்வி. காத்திருப்புக்கு 50 என்று வைத்தால் இரண்டு தெரிவும் 57.5 என்று சமமாகின்றன. ஆக, தீர்க்கவேண்டியது "சரியான எடை எது" என்பதல்ல. "காத்திருப்பின் எடை 50-க்கு மேலா, கீழா" என்பது மட்டும்தான். அதைவிடவும் நல்ல கேள்வி ஒன்று உண்டு: பயிற்சியில் 70-ஐ விட்டுக்கொடுக்காமல் காத்திருப்பில் 50-ஐ 65 ஆக்கும் மூன்றாவது தெரிவு இருக்கிறதா? இருந்தால், மாற்றியமைக்கும் வசதியிலும் அது இரண்டாவதைப் போல 60 புள்ளி பெற்றால், நிர்வாகத்தின் கணக்கிலேயே அது 64.5 பெற்று முதல் தெரிவை முந்திவிடும்.

எடை கேட்கும் விதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. "எது முக்கியம்?" என்று மொட்டையாகக் கேட்டால் பாதுகாப்பு, தரம் என்று உயர்ந்த சொற்களுக்கே எடை போகும். "மிக மோசமான நிலையிலிருந்து மிக நல்ல நிலைக்கு ஒரே ஒரு பண்பைத்தான் உயர்த்த முடியும் என்றால் எதை உயர்த்துவீர்கள்?" என்று வீச்சைக் காட்டிக் கேட்கவேண்டும். எல்லாத் தெரிவும் ஒரே அளவு பாதுகாப்பானவை என்றால் பாதுகாப்புக்கு இந்தக் கணக்கில் எடையே தேவையில்லை.

கடைசியில் வழக்கமான "ஏற்பு / நிராகரிப்பு" பட்டியலுக்குப் பதிலாக உத்தித் தெரிவு முறையின் நான்கு கட்டங்கள் கொண்ட தாள்: இப்போதே செய்பவை, மேலும் ஆராய்பவை, பிறகு முடிவெடுப்பவை, நிலைமை மாறினால் செய்பவை. ஆராயவேண்டிய ஒவ்வொன்றுக்கும் எதனால் நிச்சயமில்லை என்பதையும் குறிக்கவேண்டும். புறச்சூழல் தெரியாததாலா (ஆய்வு செய்), எதற்கு முன்னுரிமை என்று தெளிவில்லாததாலா (மேலிடத்தில் கேள்), தொடர்புள்ள வேறொரு முடிவு நிலுவையில் இருப்பதாலா (அவர்களோடு பேசு). மூன்றுக்கும் மருந்து வேறு. முன்னுரிமைக் குழப்பத்தைத் தீர்க்கக் கணக்கெடுப்பு நடத்துவது பணவிரயம். நிறைய நடக்கவும் செய்கிறது.

## நேரம், ஆள், இடம்

மூன்று நாள் அமர்வோடு சேர்க்கவேண்டியது: பேட்டிகளும் வரைபடங்களும் முடிக்க இரண்டு வாரம், அமர்வின் முதல் நாளில் அரை நாள், எடையிடலுக்குக் கூடுதலாக இரண்டு மணி. ஒரே நாள் அமர்வு என்றால் நிலவரப் படத்தையும் எடையிடலையும் விட்டுவிட்டு, மூல வரையறையை மட்டும் ஒன்றரை மணியில் முடிக்கலாம்.

நெறியாளர் இருவர் வேண்டும். ஒருவர் பேச்சை நடத்த, மற்றவர் அதை அப்போதே வரைபடமாக்க. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் ஒன்று கெடும், பொதுவாகக் கெடுவது வரைபடம். பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து பேர். நீள மேசை வேண்டாம், தலைமை நாற்காலியும் வேண்டாம். நான்கைந்து மீட்டர் வெறும் சுவரும், கருத்துக்கு ஒன்றாக ஒட்ட நீள்வட்ட அட்டைகளும் போதும். அட்டை வைத்து எழுதுவதன் பெரிய லாபம், ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேரும் "பேச" முடிவது. இளநிலை ஊழியரின் அட்டையும் தலைவரின் அட்டையும் சுவரில் ஒரே உயரத்தில் இருக்கும்.

## கெட்டுப்போகும் வழிகள்

ரகசியம் கசிவது. தனிப் பேட்டியில் செவிலியர் சொன்னது கூட்டு வரைபடத்தில் அவர் சொற்களிலேயே வந்தால், யார் சொன்னது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இணைக்கும்போது ஒவ்வொருவர் வரைபடத்திலிருந்தும் சில கருத்துகளாவது உள்ளே இருக்கவேண்டும், அப்போதுதான் அது "நம்முடையது" ஆகும். ஆனால் ஒருவர் மட்டும் சொன்ன, அவரைக் காட்டிக்கொடுக்கும் கருத்தை அவர் அனுமதி இல்லாமல் சேர்க்கக் கூடாது.

மூல வரையறை முழக்கமாக மாறுவது. "உலகத் தரத்தில் சேவை வழங்குவது" என்று எழுதினால் அது வரையறை அல்ல. சோதிக்க எளிய வழி உண்டு: இந்த வாக்கியத்தை எதிர்க்கும் நியாயமான ஆள் யாராவது இருக்க முடியுமா? இருக்க முடியாது என்றால் அதில் உலகநோக்கே இல்லை.

கேட்வோ படிவமாக மாறுவது. ஆறு கட்டத்தையும் வரிசையாக நிரப்பி முடிப்பது. மாற்றம், உலகநோக்கு இரண்டில் தொடங்கி, நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதில் நேரம் செலவிடவேண்டும். அந்த இடத்தில் கூட்டத்தில் இல்லாத ஒரு பெயர் வந்தால், அவரை அழைக்காமல் மேலே போவதில் அர்த்தமில்லை.

அதிகாரம். மென் முறைகள்மேல் வைக்கப்படும் கடுமையான விமர்சனம் இது. அமைப்புச் சிந்தனை ஆய்வாளர் மைக்கேல் ஜாக்சன் 1982-இலேயே எழுப்பிய கேள்வி: வலுவில் சமமில்லாதவர்களை உட்காரவைத்துப் பேசச் சொன்னால், வரும் இணக்கம் வலியவரின் இணக்கமாகத்தானே இருக்கும்? இதற்கு முழு விடை இல்லை. தனிப் பேட்டி, பெயரில்லாத அட்டை, தலைவர் கடைசியில் பேசுவது என்று பாதிப்பைக் குறைக்கலாம், அவ்வளவே. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, ஒப்புதல் வாங்கத்தான் அமர்வு என்று தெரிந்தால் மென் முறையைப் பயன்படுத்தாமல் இருப்பதே நேர்மை. நடுநிலை வேஷம் போட்ட ஒப்புதல் நாடகம், வெளிப்படையான உத்தரவைவிட மோசமானது.

தேவையில்லாத இடத்தில் பயன்படுத்துவது. குளிரூட்டுக் குழாயின் விட்டத்தைக் குறைக்கலாமா என்பதற்கு உலகநோக்கு தேவையில்லை. விரிவான வடிவமைப்புக் கட்டத்தில், நோக்கம் நிலைபெற்ற பிறகு, மைல்ஸின் பழைய முறையே வேகமானது, மலிவானது. மென் முறைக்கு இடம் தேவை நிர்ணயக் கட்டமும் கருத்து வடிவக் கட்டமும்.

## தொழில் ஏன் தயங்குகிறது

அறியாமை என்று சொல்வது பாதி உண்மைதான், பெரிய தடை ஊதிய அமைப்பு. சேமிப்பைக் காட்டித்தான் இந்தத் தொழில் தன்னை விற்றுவந்திருக்கிறது. அமெரிக்க அரசின் ஏ-131 சுற்றறிக்கை (1988, பிறகு 1993, 2013 திருத்தங்கள்) துறைகளிடம் மதிப்புப் பொறியியல் சேமிப்பைக் கணக்குக் காட்டச் சொல்கிறது. சேமிப்பை அளக்க ஒரு அடிப்படை வேண்டும், அந்த அடிப்படை ஏற்கெனவே வரைந்த வடிவமைப்பு. வடிவமைப்பே இல்லாத கட்டத்தில், தவறான கட்டிடத்தைத் தவிர்த்ததை எந்த வரியில் எழுதுவது? எழுத வரி இல்லாத வேலைக்கு யாரும் பணம் தருவதில்லை.

அடுத்தது பயிற்சி. சான்றிதழ்ப் பாடங்கள் பணித்திட்டத்தையும் ஃபாஸ்டையும் மையமாக வைத்தவை. பேட்டியைக் கேட்டுக்கொண்டே வரைபடம் போடுவது வகுப்பில் வருவதில்லை, பலமுறை செய்துதான் கை பழகும்.

தரநிலை தடையாக இல்லை. இஎன் 12973 மதிப்பைத் தேவைகளின் நிறைவுக்கும் அதற்காகச் செலவாகும் வளங்களுக்கும் உள்ள உறவாகத்தான் பார்க்கிறது. யாருடைய தேவை என்ற கேள்விக்கு அதில் தாராளமாக இடமிருக்கிறது. ஆகவே பணி ஒப்பந்தத்தின் வரம்பு விவரத்தில் எழுதிக்கொண்டால் வேலை நடக்கும்:

1. கட்டணம் நேரத்தின் அடிப்படையில், சேமிப்பின் சதவீதமாக அல்ல.
2. பேட்டி காணவேண்டியவர்களை நெறியாளர் சேர்க்கலாம், உரிமையாளர் தரும் பட்டியலோடு நிற்காது.
3. தனிப் பேட்டிக் குறிப்புகள் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட மாட்டா.
4. ஒப்படைக்கப்படுபவை: மூல வரையறைகள், அவற்றுக்கான ஃபாஸ்ட் வரைபடங்கள், வரிசை புரளும் எடைகள், நான்கு கட்ட முடிவுத் தாள்.
5. "இந்த வடிவில் இந்தத் திட்டம் வேண்டாம்" என்பதும் ஏற்கத்தக்க முடிவு.

பேரத்தில் முதலில் அடிபடுவது மூன்றாவதும் ஐந்தாவதும். மூன்றாவது போனால் பேட்டியை நடத்துவதில் பயனில்லை, யாரும் உண்மை பேசமாட்டார்கள். ஐந்தாவதை எழுத மறுத்தால், திட்டம் தொடரும் என்பது நிபந்தனை என்று ஆகிவிடுகிறது. அப்போது மென் முறைக்கான இரண்டு வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான பணித்திட்டத்துக்கு மட்டும் விலை சொல்லலாம்.